கியர்பாக்ஸுக்குள் புகும் அடையாறு

2015 டிசம்பர் 2ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டித் தீர்த்தது. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்து அடையாற்றில் பாய, முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது முடிச்சூர், பள்ளிக்கரணை, வேளச்சேரி மக்கள் மறுபடியும் இடுப்பளவு நீரைப் பார்த்தார்கள். இந்த வட்டாரத்தில் பொலிரோ, தார், கூர்க்கா போன்ற உயரமான வண்டி வைத்திருப்பவர்கள் மழைக்காலத்தில் தெருவுக்கே உதவுகிறார்கள். கர்ப்பிணியை மருத்துவமனைக்குக் கொண்டுபோவதும், பால் பாக்கெட்டும் குடிநீர் கேனும் ஏற்றி வருவதும் அந்த வண்டிகள்தான்.

வெள்ளம் வடிந்த பிறகு அந்த வண்டிகளுக்கு என்ன நடக்கிறது என்பதை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. இன்ஜினுக்குள் தண்ணீர் போகவில்லை, வண்டி ஸ்டார்ட் ஆகிறது, அதோடு சரி. பிப்ரவரியிலோ மார்ச்சிலோ கியர்பாக்ஸிலிருந்து ஒரு முனகல் கேட்கத் தொடங்கும். அதற்கும் டிசம்பர் மழைக்கும் உள்ள தொடர்பு யார் நினைவுக்கும் வராது.

2020 அக்டோபரில் வந்த புதிய தார் 650 மில்லிமீட்டர் ஆழ நீரில் இறங்கலாம் என்கிறது மகிந்திரா. அந்த வண்டியின் 18 அங்குலச் சக்கரத்தை டயரோடு சேர்த்து அளந்தால் விட்டம் 79 செ.மீ. வரும். பாரம் ஏறியதும் டயர் சற்று அமுங்கும். ஆக, அச்சின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 38 செ.மீ. உயரத்தில் இருக்கும். நீர் 65 செ.மீ. நின்றால், பின்னச்சின் நடுவே இருக்கும் டிஃப்ரன்ஷியல், மெக்கானிக்குகள் ‘கிரவுன்’ என்று சொல்கிற அந்த உருண்டை, முழுதாக நீருக்குள் போய்விடும். கியர்பாக்ஸின் அடிப்பகுதியும், நான்கு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸும் அப்படியே. வண்டி நீரைக் கடந்துவிடும் என்பது உண்மை. எண்ணெய் இருக்கும் பெட்டிகள் அதுவரை நீரில் ஊறிக்கொண்டிருக்கும் என்பதும் உண்மை.

ஊறினால் என்ன, ஆயில் சீல் இருக்கிறதே என்று கேட்கலாம். இயற்பியல் குறுக்கே வரும் இடம் இது.

ஜிஎஸ்டி சாலையில் அரை மணி நேரம் ஓடிய வண்டியின் கிரவுன் பெட்டிக்குள் வெப்பநிலை 80 டிகிரி செல்சியஸை எட்டியிருக்கும். உள்ளே எண்ணெய்க்கு மேலே இருப்பது காற்று. பெருங்களத்தூர் பாலம் தாண்டி முடிச்சூர் பக்கம் திரும்பி, 30 டிகிரி நீரில் வண்டியை இறக்குகிறீர்கள். இரும்புப் பெட்டி சட்டென்று குளிர்கிறது, உள்ளிருக்கும் காற்றும் கூடவே குளிர்கிறது. வாயுவின் அழுத்தம் கெல்வின் அளவிலான வெப்பநிலையைப் பொறுத்தது. 353 கெல்வினிலிருந்து 303 கெல்வினுக்கு இறங்கினால் அழுத்தம் 14 சதவீதம் குறையும். ஒரு வளிமண்டல அழுத்தம் 10 மீட்டர் உயர நீருக்குச் சமம். அதில் 14 சதவீதம் என்றால் ஏறத்தாழ 1.4 மீட்டர் நீர். வெளியே நிற்கும் அரை மீட்டர் நீர் கொடுக்கும் அழுத்தத்தைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு விசையோடு அந்தப் பெட்டி உள்ளிருந்து உறிஞ்சுகிறது. ஆயில் சீல்களோ உள்ளே இருக்கும் எண்ணெய் வெளியே போகாமல் தடுக்கச் செய்யப்பட்டவை. அவற்றின் உதடு உள்நோக்கி இருக்கும். வெளியிலிருந்து வரும் நீரை எதிர்க்க அவை வடிவமைக்கப்படவில்லை.

இந்த அழுத்த வேறுபாட்டைத் தீர்க்கத்தான் ஒவ்வொரு பெட்டியின் மேலும் ‘பிரீதர்’ என்ற சிறு மூச்சுத்துளை வைத்திருக்கிறார்கள். சூடானால் காற்று வெளியே போகும், குளிர்ந்தால் உள்ளே வரும். அந்தத் துளை நீருக்கடியில் இருந்தால் காற்றுக்குப் பதிலாக நீரே உள்ளே போகும். பெட்டிக்குள் 3 லிட்டர் காற்றிடம் இருந்து, அது முழுதும் குளிர்ந்தால், ஏறத்தாழ 400 மில்லி நீர் புகலாம். பழைய வண்டிகளில் பிரீதரின் மூடி சேற்றில் அடைத்துக் கிடக்கும். அப்போது நீர் சீல் வழியாக வரும். ஆக, அடைத்த பிரீதர் ஒருவகையில் கெடுதி, திறந்த பிரீதர் இன்னொருவகையில் கெடுதி.

தீர்வு மிக மலிவானது. பிரீதர் இருக்கும் இடத்தில் எண்ணெயைத் தாங்கும் ரப்பர் குழாய் ஒன்றைப் பொருத்தி, அதன் மறுமுனையை இன்ஜின் அறைக்குள் உயரமான இடத்துக்குக் கொண்டுபோய்க் கட்டி, முனையில் சிறு வடிகட்டி மாட்டினால் போதும். பின்னச்சுக்கு நீளமான குழாய் வேண்டும். அச்சு மேலும் கீழும் ஆடும்போது இழுபடாத அளவுக்குத் தொய்வும் விட வேண்டும். சில வண்டிகளுக்கு இது தொழிற்சாலையிலேயே செய்யப்பட்டு வருகிறது. நீரில் இறங்கும் முன் வண்டியைப் பத்து நிமிடம் நிறுத்தி ஆறவிடுவதும் பயன் தரும். ஆனால் அவசரத்துக்கு ஓடுகிற வண்டிக்கு அந்தப் பத்து நிமிடம் எங்கே கிடைக்கும்? குழாய் போடுவதே மேல்.

எண்ணெய்க்குள் நீர் புகுந்தால் என்ன ஆகும்? துருப்பிடிக்கும் என்பது எல்லோரும் சொல்லும் பதில். துருப்பிடிப்பதற்கு முன்பே பெரிய சேதம் தொடங்கிவிடுகிறது. பற்சக்கரங்கள் சுழலும் தண்டுகளை பேரிங்குகள் தாங்குகின்றன. அந்த பேரிங்கின் உருளைக்கும் அது உருளும் பாதைக்கும் நடுவே இருப்பது, ஒரு மைக்ரோமீட்டரை ஒட்டிய கனமுள்ள எண்ணெய்ப் படலம். அந்த இடத்தில் அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் பல ஆயிரம் மடங்கு ஏறும். அவ்வளவு அழுத்தத்தில் எண்ணெய் கெட்டிப்பட்டு, கிட்டத்தட்ட திடப்பொருள்போல் நின்று சுமையைத் தாங்குகிறது. நீருக்கு இந்தக் குணம் கிடையாது. படலத்துக்குள் ஒரு நீர்த்துளி வந்தால் அந்த இடத்தில் இரும்பு இரும்பைத் தொடும். உருளை பேரிங்குகளை வைத்து 1977இல் வெளியான ஓர் ஆய்வு இதை அளந்து சொன்னது. எண்ணெயில் 0.01 சதவீத நீர் இருக்கும்போது பேரிங் எவ்வளவு காலம் உழைக்குமோ, நீர் 0.1 சதவீதமானால் அதில் கால்பங்குதான் உழைக்கும். இரண்டரை லிட்டர் எண்ணெயில் 0.1 சதவீதம் என்பது வெறும் அரைத் தேக்கரண்டி. இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்ட பிறகு, ‘கொஞ்சம் தண்ணிதான் போச்சு, ஓட ஓட ஆவியாயிடும்’ என்று யார் சொன்னாலும் என்னால் ஒப்புக்கொள்ள முடிவதில்லை. நம் ஊர் வெள்ளத்தில் நீர் மட்டுமா வருகிறது? மணலும் சாக்கடையும் சேர்ந்தே வருகின்றன.

நீர் புகுந்ததா என்று பார்ப்பது எளிது. வண்டியை ஓர் இரவு முழுதும் சமதளத்தில் நிறுத்திவிட்டு, காலையில் வண்டியை அசைக்காமல் பெட்டியின் அடியிலுள்ள வடிக்கும் பிளக்கைப் (டிரெய்ன் பிளக்) பாதி தளர்த்த வேண்டும். நீர் எண்ணெயைவிடக் கனமானது, அடியில் தங்கியிருக்கும். தனியாக நிற்கும் நீர் இருந்தால் அதுதான் முதலில் சொட்டும். பிறகு வரும் எண்ணெய் தேன் நிறத்தில் தெளிவாக இருந்தால் பிழைத்தோம். பால் கலந்த காபி நிறத்தில் வந்தால், பற்சக்கரங்கள் நீரையும் எண்ணெயையும் கடைந்து ஒன்றாக்கிவிட்டன என்று பொருள். அப்படிக் கலந்தது எத்தனை நாள் வைத்தாலும் எளிதில் பிரியாது. ஐயம் தீரவில்லையென்றால், ஒரு சொட்டு எண்ணெயைச் சூடான இரும்புத் தகட்டில் விட்டுப் பார்க்கலாம். நீர் இருந்தால் சடசடவென்று பொரியும். பெரிய ஆய்வகங்களிலும் முதற்கட்டச் சோதனையாக இதைச் செய்கிறார்கள். அடுப்பிலிருந்து தள்ளி, முகத்தை விலக்கிவைத்துச் செய்யுங்கள்.

பிளக்கைக் கழற்றியதும் அதன் உள்முனையில் இருக்கும் காந்தத்தையும் பாருங்கள். மையைப்போல் வழவழப்பான சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் அது இயல்பான தேய்மானம். விரலில் நெருடும் செதில்களோ பல்லின் துணுக்கோ இருந்தால், எண்ணெய் மாற்றுவதோடு வேலை முடியாது.

சரி, பழையதை வடித்தாயிற்று. எதை ஊற்றுவது? கடையில் வழக்கமாகக் கேட்பது இப்படித்தான்: ‘அண்ணே, தொண்ணூறு ஆயில் ரெண்டு லிட்டர் குடுங்க.’ கடைக்காரரும் கொடுத்துவிடுவார். அந்த ஒற்றை எண் எண்ணெயைப் பற்றிச் சொல்வது மிகக் குறைவு.

தொண்ணூறு என்பது பாகுத்தன்மையைக் குறிக்கும் எண். 100 டிகிரியில் அந்த எண்ணெய் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதை அது சொல்கிறது. இன்ஜின் ஆயிலின் 40, 50 ஆகியவற்றோடு ஒப்பிட்டு, இது இரு மடங்கு கெட்டி என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் 90 எண் கியர் ஆயிலும் 40, 50 எண் இன்ஜின் ஆயிலும் சூட்டில் ஏறத்தாழ ஒரே அளவு கெட்டியானவை. இரண்டும் மாறிப்போகக்கூடாது என்பதற்காகவே இரண்டுக்கும் தனித்தனி அளவுகோல் வைத்தார்கள். 80டபிள்யூ-90 என்பதில் முன்னால் வரும் எண் குளிரில் எண்ணெய் எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சொல்வது. 80டபிள்யூ எண்ணெய் மைனஸ் 26 டிகிரி வரையிலும், 75டபிள்யூ மைனஸ் 40 வரையிலும் தேவையான அளவுக்கு ஓடும். மார்கழி விடியலில் தாம்பரத்தில் 20 டிகிரியைத் தொட்டாலே நமக்குக் குளிர்காலம். ஆகவே குளிரைக் குறிக்கும் எண்ணை மட்டும் பார்த்துக் கூடுதல் பணம் கொடுக்க இங்கே காரணமில்லை. ஆனால் தயாரிப்பாளர் கையேட்டில் 75டபிள்யூ-90 என்று எழுதியிருந்தால் அதையே வாங்க வேண்டும். அது பெரும்பாலும் செயற்கை எண்ணெயாக இருக்கும். சூட்டை நீண்டகாலம் தாங்குவதும், கியர் மாற்ற உதவும் சின்க்ரோ வளையம் வழுக்காமல் பிடிப்பதும் அந்தக் கலவையைப் பொறுத்தவை. ‘நம்ம ஊர் வெயிலுக்கு 140 போடுங்க, கெட்டியா நிக்கும்’ என்ற அறிவுரையும் தவறு. கெட்டி எண்ணெய் குறுகிய வழிகளில் நுழைந்து பேரிங்குக்குப் போய்ச்சேராது. அதைக் கடைவதிலேயே விசை வீணாகி, சூடு இன்னும் ஏறும்.

இந்த எண்களைவிட முக்கியமானது டப்பாவில் சிறிய எழுத்தில் இருக்கும் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்ற குறி. இதற்குப் பின்னால் 1920-களில் தொடங்கிய ஒரு கதை இருக்கிறது. அமெரிக்காவின் கிளீசன் நிறுவனம் ‘ஹைபாய்டு’ என்ற பற்சக்கர அமைப்பை உருவாக்கியது. பேக்கார்டு கார்கள் அதைப் பயன்படுத்தின. இதில் பினியன் என்ற சிறிய சக்கரம் பெரிய கிரவுன் சக்கரத்தின் நடுக்கோட்டுக்குக் கீழே அமர்ந்திருக்கும். அதனால் பின்னச்சுக்கு விசையைக் கொண்டுபோகும் கார்டன் ஷாஃப்ட் தாழ்ந்தது, காரின் தளமும் தாழ்ந்தது, சத்தமும் குறைந்தது. ஆனால் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று உருளுவதோடு நில்லாமல் நீளவாக்கில் தேய்த்துக்கொண்டும் போகத் தொடங்கின. சாதாரண எண்ணெய்ப் படலம் அந்தத் தேய்ப்பில் கிழிந்துபோகும்.

அதற்கு வேதியியல் கண்ட வழி கந்தகமும் பாஸ்பரஸும் கொண்ட சேர்மங்கள். படலம் கிழிந்து இரும்பு இரும்பைத் தொடும் அந்த நொடியில், தொடும் புள்ளியில் மட்டும் சூடு உச்சத்துக்கு ஏறும். அந்தச் சூட்டிலேயே சேர்மங்கள் உடைந்து, இரும்போடு வினைபுரிந்து, இரும்பு சல்ஃபைடு, பாஸ்பேட் ஆகியவற்றாலான மென்மையான தோல் ஒன்றை அந்த இடத்தில் உண்டாக்கும். அடுத்த உரசலில் பல்லுக்குப் பதிலாக அந்தத் தோல் தேயும். உடனே புதிய தோல் வளரும். எங்கே ஆபத்தோ அங்கே மட்டும், எப்போது ஆபத்தோ அப்போது மட்டும் வேலைசெய்யும் இந்த ஏற்பாட்டை உயவியல் கண்ட மிக அழகான கருத்துகளில் ஒன்று என்பேன். கிரவுன் பெட்டிக்கான ஜிஎல்-5 எண்ணெயில் இந்தச் சேர்மங்கள் ஜிஎல்-4இல் இருப்பதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு.

அப்படியானால் எல்லாப் பெட்டிக்கும் ஜிஎல்-5 ஊற்றிவிடலாமே? கூடாது. மேனுவல் கியர்பாக்ஸுக்குள் ‘சின்க்ரோ’ என்ற வளையங்கள் இருக்கின்றன. பல வண்டிகளில் அவை பித்தளையால் ஆனவை. மூன்றாம் கியரிலிருந்து இரண்டுக்கு மாற்றும்போது, வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரண்டு பாகங்களை இந்த வளையம் உராய்வால் பிடித்து ஒரே வேகத்துக்குக் கொண்டுவருகிறது. அதன் உட்புறத்தில் இருக்கும் மெல்லிய வரிகள் எண்ணெய்ப் படலத்தைக் கீறி விலக்கிவிட்டுத்தான் அந்தப் பிடியைப் பெறுகின்றன. எண்ணெய் அளவுக்கு மீறி வழுக்கினால் வளையம் பிடிக்காது, கியர் ‘கர்ர்’ என்று கத்தும். அதோடு, வீரியமான கந்தகம் பித்தளையிலுள்ள செம்பையும் தாக்கும். சோதனைச்சாலையில் பளபளப்பாகத் தேய்த்த செம்புப் பட்டை ஒன்றை 121 டிகிரி எண்ணெயில் மூன்று மணி நேரம் மூழ்கவைத்து எடுத்து, அதன் நிறத்தைப் படிநிலை அட்டையோடு ஒப்பிடுவார்கள். இளஞ்செம்மஞ்சளாக இருந்தால் நல்லது. கருத்துப்போனால் அந்த எண்ணெய் பித்தளை இருக்கும் பெட்டிக்கு ஆகாது. இன்றைய ஜிஎல்-5 எண்ணெய்கள் சிலவற்றில் செம்பைக் காக்கும் பொருளும் சேர்க்கிறார்கள் என்பதால் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. வண்டித் தயாரிப்பாளர் கையேட்டில் எந்தப் பெட்டிக்கு எந்தக் குறி என்று எழுதியிருக்கிறாரோ அதுவே தீர்ப்பு.

ஜிஎல்-5 தகுதி பெற ஓர் எண்ணெய் கடக்கவேண்டிய சோதனைகளில் ஒன்று நம் ஊருக்காகவே வைத்ததுபோல் இருக்கும். அச்சுப் பெட்டிக்குள் எண்ணெயோடு வேண்டுமென்றே சிறிது நீரும் ஊற்றி ஓட்டி, பிறகு ஏறத்தாழ ஒரு வாரம் மிதமான சூட்டில் வைத்திருந்து, துரு தோன்றுகிறதா என்று பார்ப்பார்கள். நல்ல எண்ணெய் ஒரு வாரத்துக்குத் தாக்குப்பிடிக்கும் என்பதே இதன் பொருள். பொங்கல் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட இதில் அனுமதி இல்லை.

ஆட்டோமேட்டிக் வண்டிகளின் உலகம் வேறு. புதிய தாரில் ஐசின் நிறுவனத்தின் 6 வேக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் உண்டு. அதற்குள் இருப்பது ஏடிஎஃப் என்னும் மெல்லிய திரவம். அது டார்க் கன்வர்ட்டருக்குள் சுழன்று இன்ஜினின் விசையைக் கடத்துகிறது, வால்வுகளுக்குள் அழுத்தமாக ஓடிக் கியரைத் தேர்ந்தெடுக்கிறது, கிளட்ச் தட்டுகள் நழுவாமலும் வெட்டியிழுக்காமலும் பிடிக்க உதவுகிறது, சூட்டையும் வெளியே கொண்டுபோகிறது. அதன் உராய்வுக் குணத்தைச் சரியாக அமைப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு ஒரு சான்று: 1970-களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் இதற்கு எண்ணெய்த் திமிங்கலத்தின் எண்ணெயைச் சேர்த்துவந்தார்கள். திமிங்கலப் பொருள்களுக்குத் தடை வந்ததும் மாற்று தேட வேண்டியதாயிற்று; ஜெனரல் மோட்டார்ஸின் டெக்ஸ்ரான் என்ற ஏடிஎஃப் தரமும் அதை ஒட்டி மாறியது. பெரும்பாலான ஏடிஎஃப்-இன் சிவப்பு வெறும் சாயம். கசிந்தால் அடையாளம் தெரியத்தான் அந்த நிறம். சிவப்பாக இருக்கிறது என்பதற்காக ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை ஊற்றக்கூடாது. ஆட்டோமேட்டிக்கில் நீர் புகுந்தால் கிளட்ச் தட்டுகளில் ஒட்டியிருக்கும் காகித வகை உராய்வுப் பூச்சு ஊறி உரிந்துவிடும். அங்கே எண்ணெய் மாற்றுவது மட்டும் காப்பாற்றும் என்று உறுதி சொல்ல முடியாது.

டிரான்ஸ்ஃபர் கேஸ் சில வண்டிகளில் ஏடிஎஃப் கேட்கும், சிலவற்றில் கியர் ஆயில் கேட்கும். பின்னச்சில் லாக்கிங் டிஃப்ரன்ஷியல் இருந்தால் அதன் கிளட்ச் தட்டுகளுக்கென்று தனிக் குறிப்பு இருக்கலாம். பிரேக் தட்டுகள் எண்ணெய்க்குள்ளேயே இருக்கும் டிராக்டர்களுக்கு, கியர், ஹைட்ராலிக், பிரேக் மூன்றுக்கும் பொதுவான டிராக்டர் ஆயில் தேவை. சாதாரண 90 ஊற்றினால் பிரேக் பிடிக்கும்போது அலறும்.

ஊற்றும் வேலையில் ஒரு விதியை மட்டும் எத்தனை முறையும் சொல்லலாம்: வடிக்கும் பிளக்கைத் தொடும் முன் ஊற்றும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பல ஆண்டுகள் திறக்காத பிளக் துருவேறி இறுகிப்போயிருக்கும். எண்ணெயை வடித்துவிட்டு, பிறகு ஊற்றும் பிளக் திறக்கவில்லையென்றால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். மேனுவல் கியர்பாக்ஸிலும் கிரவுனிலும் ஊற்றும் துளையின் கீழ்விளிம்பே பெரும்பாலும் அளவு. வண்டி சமதளத்தில் இருக்க, கைபம்பால் ஊற்றிக்கொண்டே வந்து, விளிம்பில் வழியத் தொடங்கியதும் நிறுத்தி, வழிவது நின்றதும் பிளக்கைப் புதிய வாஷரோடு மூட வேண்டும். கூட இருக்கட்டும் என்று முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி அதிகம் ஊற்றுவது கெடுதி. மிகுந்த எண்ணெயைச் சக்கரங்கள் கடைந்து நுரையாக்கும். நுரையில் பாதி காற்று, காற்று சுமையைத் தாங்காது. குறைவாக இருந்தால், ஏற்றத்தில் வண்டி சாயும்போது எண்ணெய் ஒருபக்கம் ஒதுங்கி, மேட்டுப்பக்க பேரிங் வறண்டுபோகும்.

ஆட்டோமேட்டிக்கில் அளவு பார்ப்பது வெப்பநிலையோடு சேர்ந்தது. எண்ணெய் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.07 சதவீதம் விரியும். 8 லிட்டர் திரவம் 50 டிகிரி சூடேறினால் கால் லிட்டருக்கும் மேல் கூடிவிடும். அதனால்தான் இன்ன டிகிரியில், இன்ஜின் ஓடும்போது பாருங்கள் என்று தயாரிப்பாளர்கள் குறிப்பிடுகிறார்கள். வெப்பநிலையை ஸ்கேனரில் படிக்க முடிகிற பட்டறையில் மட்டும் இதைச் செய்யக் கொடுங்கள்.

நீர் கலந்த எண்ணெயை ஒருமுறை மாற்றினாலும் மிச்சம் கொஞ்சம் உள்ளேயே இருக்கும். புதிய எண்ணெயோடு சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, மறுபடி பிளக்கைத் தளர்த்தி நிறம் பார்த்து, கலங்கியிருந்தால் இன்னொரு முறை மாற்றுவது நல்லது. இரண்டு லிட்டர் எண்ணெயின் விலையும் ஒரு கியர்பாக்ஸைப் பிரித்துக் கோர்க்கும் செலவும் ஒப்பிடக்கூடியவை அல்ல.

வடித்த எண்ணெய் என்னவாகிறது என்பது என் மனதை மிகவும் உறுத்தும் விஷயம். சென்னையில் உயவு எண்ணெய்த் தொழிலின் இருமுனையும் உண்டு. மணலியில் சென்னைப் பெட்ரோலியக் கழகத்தின் சுத்திகரிப்பு ஆலை உயவு எண்ணெய்க்கான மூல எண்ணெயைத் தயாரிக்கிறது. அதற்கான சேர்மங்களைத் தயாரிக்கும் இந்தியன் அடிட்டிவ்ஸும் மணலியில்தான் இருக்கிறது. நகரின் தென்கோடியில், பயன்படுத்தி முடித்த எண்ணெயைச் சாலையோரக் கால்வாயில் ஊற்றுகிறார்கள். அது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கோ அடையாற்றுக்கோ போய்ச்சேர்கிறது. 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின்படி பயன்படுத்திய எண்ணெயைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் சேர்க்க வேண்டும். வீட்டில் வடித்தால் மூடியுள்ள கேனில் பிடித்து, நீர் கலந்ததைத் தனிக் கேனில் வைத்து, அதை முறையாகச் சேகரித்து அனுப்பும் பட்டறையில் கொடுங்கள். கொடுக்கும் முன் அங்கே எங்கே அனுப்புகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சரியாகச் செய்யும் பட்டறைக்காரர்கள் எடுத்துச்செல்பவரின் ரசீதைக் காட்டுவார்கள்.